12 அணி ஸ்னேக் ட்ராஃப்ட், 4வது பிக்: 1961-62 சேம்பர்லினை எடுக்கலாமா?

நாலாம்_நம்பர்:

எல்லாக் காலத்து என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) வீரர்களும் ஒரே பட்டியலில் இருக்கும் சிமுலேஷன் லீக். ட்ராஃப்ட் (அணிகள் முறைவைத்து வீரர்களை எடுப்பது) வரும் ஞாயிறு. 12 அணி, ஸ்னேக் முறை (ஒவ்வொரு சுற்றிலும் வரிசை தலைகீழாகும்), எனக்கு வந்திருப்பது 4வது இடம். அதாவது 4, 21, 28, 45, 52 என்று போகும்.

விதிகளைச் சொல்லிவிடுகிறேன். வீரரை எடுக்கும்போதே எந்த சீசன் என்று சொல்லிவிட வேண்டும். எடுத்தபின் அந்த வீரர் வேறு எந்த சீசனிலும் யாருக்கும் கிடையாது. அணிக்கு 12 பேர், 82 ஆட்டம். சம்பள வரம்பு இல்லை, ட்ரேட் இல்லை. அந்த சீசனில் நிஜமாக ஆடிய சராசரி நிமிடங்களுக்கு மேல் 5% வரை ஆடவிடலாம். ஆட்டங்களின் எண்ணிக்கை நிஜத்தில் என்னவோ அதேதான், 70 ஆட்டம் ஆடியவர் இங்கேயும் 70. காலச் சரிக்கட்டல் போடப்பட்டிருக்கிறது: ஒவ்வொருவரின் எண்ணையும் அந்த வருஷத்து லீக் சராசரியோடு வைத்துத்தான் இன்ஜின் (சிமுலேஷன் மென்பொருள்) எடுத்துக்கொள்ளும்.

முதல் மூன்றில் ஜோர்டான் 1987-88, லெப்ரான் 2012-13, கரீம் அப்துல் ஜப்பார் 1971-72 போய்விடும் என்று தெரிகிறது. எனக்கு முன்னால் இருப்பது மூன்று சென்டர்கள் (கூடைக்கருகே ஆடும் உயரமான வீரர்கள்):

வில்ட் சேம்பர்லின் 1961-62: 50.4 புள்ளி, 25.7 ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ 61.3%
ஷகீல் ஓநீல் 1999-2000: 29.7 புள்ளி, 13.6 ரீபவுண்ட், 3.0 பிளாக் (எதிராளியின் எறியைத் தடுப்பது), ஃப்ரீ த்ரோ 52.4%
டேவிட் ராபின்சன் 1993-94: 29.8 புள்ளி, 10.7 ரீபவுண்ட், 4.8 அசிஸ்ட், 3.3 பிளாக், ஃப்ரீ த்ரோ 74.9%

மனசு வில்ட் பக்கம்தான். ஆனால் சரிக்கட்டிய பிறகு அந்த 50.4 எவ்வளவு நிற்கும்? 21, 28ல் அவருக்குப் பொருந்த யாரைப் பார்க்கலாம்?


கூடைக்கணக்கு:

சரிக்கட்டல் இருக்கிறது என்றால் 50.4, 25.7 இரண்டையும் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

1961-62ல் ஒரு அணிக்கு ஓர் ஆட்டத்தில் சுமார் 126 பொசஷன் (பந்து கைக்கு வந்த முறைகள்). 1999-2000ல் சுமார் 93. வில்ட் ஆட்டத்துக்கு 48.5 நிமிடம் ஆடினார் (கூடுதல் நேரத்தையும் சேர்த்தால் 48ஐத் தாண்டும்), ஷாக் (ஓநீல்) 40. லீக் சராசரி வேகத்தை வைத்துப் பார்த்தால் வில்ட் களத்தில் இருந்தது ஏறக்குறைய 127.5 பொசஷன், ஷாக் 77.6. இப்போது வகுத்துப் பாருங்கள். 100 பொசஷனுக்கு வில்ட் 39.5 புள்ளி, ஷாக் 38.3. இவ்வளவுதான் வித்தியாசம்.

ரீபவுண்டும் இதே கதை. 1961-62ல் அணிக்கு சராசரி 71.4 ரீபவுண்ட், இரண்டு அணியும் சேர்ந்து 142.8. அதில் 25.7 என்றால் 18%. ஷாக் ஆடிய வருஷம் அணிக்கு 42.9. அவர் இருந்த 40 நிமிடத்தில் இரண்டு பக்கமும் விழுந்தது சுமார் 71.5. அதில் 13.6 என்றால் 19%. ரீபவுண்ட் விகிதத்தில் ஷாக் ஒரு நூல் மேலேயே இருக்கிறார்.

துல்லியம்: வில்டின் ட்ரூ ஷூட்டிங் (ஃப்ரீ த்ரோ, மூன்று புள்ளி எல்லாம் சேர்த்த எறி துல்லியம்) 53.6%, அந்த வருஷ லீக் 47.9%. ஷாக் 57.8%, லீக் 52.3%. ஒருவர் 5.7 மேலே, இன்னொருவர் 5.5 மேலே. சரிக்கட்டிய இன்ஜினுக்கு இந்த இருவரும் கிட்டத்தட்ட ஒரே ஆட்டக்காரர்.

அப்படியென்றால் முடிவைச் சொல்வது மற்ற விஷயங்கள்தான். வில்டுக்குச் சாதகமாக இரண்டு. நிமிடம் ஒன்று: பேக்கப் சென்டரே தேவையில்லை, ஒரு இடம் மிச்சம். ஃபவுல் இன்னொன்று: அந்த சீசனில் ஆட்டத்துக்கு 1.5தான், வாழ்நாளில் ஒருமுறைகூட ஃபவுல் அவுட் ஆனதில்லை. ஷாக் 3.2. பிளேஆஃப் போன்ற நெருக்கமான ஆட்டங்களில் இது தெரியும்.

பாதகம் பெரியது. பிளாக், ஸ்டீல் (பந்தைப் பறிப்பது) இரண்டையும் என்பிஏ குறிக்கத் தொடங்கியதே 1973-74ல்தான். தாக்குதல் ரீபவுண்ட், தற்காப்பு ரீபவுண்ட் என்று பிரித்ததும் அந்த வருஷம்தான். தனிநபர் டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது) 1977-78ல் வந்தது. ஆக வில்டின் பக்கத்தில் இந்த நான்கு கட்டமும் இன்ஜின் தானாக இட்டு நிரப்பியது. எதை வைத்து நிரப்பியது என்று பாருங்கள். உயரத்தையும் ரீபவுண்டையும் வைத்து மதிப்பிட்டிருந்தால் 4, 5 பிளாக் கொடுத்திருக்கும். சென்டர்களின் சராசரியை அப்படியே ஒட்டியிருந்தால் 1.5 பிளாக் உள்ள சாதாரணத் தற்காப்பாளராகத்தான் உங்களுக்குக் கிடைப்பார். வீரர் பக்கத்தைத் திறந்து அந்த எண்ணைப் பார்க்காமல் 4வது பிக்கை அவர் மேல் போடாதீர்கள்.


ஓரக்கோடு:

மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் கேள்வி வில்டா ஷாக்கா என்பதற்கு முன்னால் எந்த வில்ட் என்று கேட்க வேண்டும். சீசனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம்தானே இருக்கிறது.

1966-67 வில்டைப் பாருங்கள். 24.1 புள்ளி, 24.2 ரீபவுண்ட், 7.8 அசிஸ்ட், ஃபீல்ட் கோல் 68.3%. ஃப்ரீ த்ரோ 44.1%, அதைப் பிறகு பேசுவோம். 81 ஆட்டம், 45.5 நிமிடம். அவருடைய அணி ஃபிலடெல்ஃபியா 68-13 என்று முடித்து கோப்பையும் வாங்கிய வருஷம். ட்ரூ ஷூட்டிங் 63.7%, அந்த வருஷ லீக் 49% சுற்றி. 14 மேலே! 1961-62 வில்டின் 5.7ஐ இதோடு வைத்துப் பாருங்கள்.

பாதிப் புள்ளிதானே என்று தோன்றும். இங்கேதான் எல்லாக் கால லீகில் பலரும் சறுக்குகிறார்கள். 1961-62ல் அவர் ஆட்டத்துக்கு 39.5 ஷாட் எறிந்தார். லீக் சராசரி அணியே 107.7தான் எறிந்தது, அதில் மூன்றில் ஒன்றுக்கும் மேல். நிஜ லீகில் அந்த ஷாட்களை அவர் எடுக்காவிட்டால் சராசரிக்காரர் யாரோ எடுப்பார், ஆகவே 5.7 மேலே இருப்பது லாபம். உங்கள் லீகில் சராசரிக்காரரே கிடையாது. 21லும் 28லும் வரப்போகிறவர்களும் தங்கள் வருஷ லீகைவிட 5, 6 மேலே இருப்பார்கள். அவர்கள் கையிலிருந்து பந்தைப் பிடுங்கி அதே துல்லியத்தில் வில்ட் எறிந்தால் அணிக்குக் கிடைப்பது என்ன? ஒன்றுமில்லை. 1966-67ல் அவர் எடுத்தது ஆட்டத்துக்கு 14.2 ஷாட். மிச்சமெல்லாம் மற்ற நால்வருக்கு, கூடவே 7.8 அசிஸ்ட்.

ஐந்து பேரின் யூசேஜும் (அணியின் வாய்ப்புகளில் ஒருவர் முடித்து வைக்கும் சதவீதம்) சேர்ந்து 100தான் வர முடியும். 32, 31, 30 என்று மூன்று பேரை வாங்கினால் மூவரையுமே இன்ஜின் வெட்டிச் சுருக்கிவிடும். வெட்டிய ஷாட்டுக்கும் சேர்த்துத்தான் நீங்கள் முதல் மூன்று பிக்கைக் கொடுத்திருப்பீர்கள்.


பெஞ்ச்பலகை:

இருவரோடும் நான் ஒத்துப்போகவில்லை. 4வதில் சென்டரே வேண்டாம் என்பது என் கட்சி.

4க்கும் 21க்கும் இடையில் 16 பேர் போவார்கள். அந்த 16ல் எல்லாச் சென்டரும் தீர்ந்துவிடுவார்களா? எண்ணிப் பாருங்கள்: ஷாக், ராபின்சன், ஒலாஜுவான் 1993-94 (27.3 புள்ளி, 11.9 ரீபவுண்ட், 3.7 பிளாக்), யோகிச் 2023-24 (26.4, 12.4, 9.0 அசிஸ்ட்), டங்கன், கார்னெட், மோசஸ் மலோன். இவ்வளவு பேரும் போனாலும் பேட்ரிக் யூயிங் 1989-90 நிற்பார்: 28.6 புள்ளி, 10.9 ரீபவுண்ட், 4.0 பிளாக், 82 ஆட்டம். அவரும் போனால் அலோன்சோ மோர்னிங் 1999-2000 (21.7, 9.5, 3.7 பிளாக்), டுவைட் ஹோவர்ட் 2010-11 (22.9, 14.1, 2.4 பிளாக்). 45வதில்கூட பென் வாலஸ் 2001-02 கிடைக்கலாம்: 13.0 ரீபவுண்ட், 3.5 பிளாக், ஷாட்டே கேட்க மாட்டார். 12 அணிக்குத் தேவை 12 தொடக்கச் சென்டர். பட்டியலில் நல்லவர்கள் 20 பேர் இருக்கிறார்கள்.

நான் எடுப்பது ஸ்டீஃபன் கரி 2015-16. அவருக்கு மாற்று யார்? 30.1 புள்ளி, ஃபீல்ட் கோல் 50.4%, மூன்று புள்ளி 45.4%, ஃப்ரீ த்ரோ 90.8%, 402 மூன்று புள்ளி. ட்ரூ ஷூட்டிங் 66.9%, லீக் 54.1%. 12.8 மேலே, அதுவும் 32க்கு மேல் யூசேஜில்! அத்தனை ஷாட்டை அந்தத் துல்லியத்தில் எறிந்தவர் வேறு இல்லை. ஷூட்டிங்கால் மட்டும் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி கூடுகிறது என்று போட்டால் கரிக்கு 5.8 வருகிறது, லெப்ரான் 2012-13க்கு 4.4, ஷாக் 1999-2000க்கு 2.8. கரியிடம் ஒரே குறை நிமிடம்: 34.2. உங்கள் 5% சேர்த்தாலும் 36 வராது. 12 நிமிடத்துக்கு ஒரு நல்ல கார்டு (பந்தை நடத்தும் வெளிவட்ட வீரர்) தேவை, அது 80வது பிக்கிலும் கிடைக்கும்.


நாலாம்_நம்பர்:

மூன்று பேருக்கும் நன்றி. வீரர் பக்கங்களைப் பார்த்தேன். 1961-62 வில்டுக்கு 2.1 பிளாக், 1966-67 வில்டுக்கும் அதே 2.1. இரண்டும் ஒன்றாக இருப்பதைப் பார்த்தால் சராசரியை ஒட்டியிருக்கிறார்கள் போல. ஆக தற்காப்பில் ஷாக், ராபின்சன் இருவருக்கும் கீழேதான். கரீம் 1971-72க்கும் இதே நிலைமை, அவரையும் முதல் மூன்றில் எடுக்கக் கூடாதோ?

44.1% ஃப்ரீ த்ரோதான் இன்னும் உறுத்துகிறது. கடைசி நிமிடங்களில் வேண்டுமென்றே ஃபவுல் செய்யும் வசதி இன்ஜினில் இருக்கிறது. இன்னொன்று, இதையெல்லாம் ட்ராஃப்டுக்கு முன்னால் சோதித்துப் பார்க்க வழி உண்டா? தனிப்பயன் அணிகளை வைத்து எத்தனை சீசன் வேண்டுமானாலும் ஓட்டலாம்.


ஓரக்கோடு:

ஃப்ரீ த்ரோ கணக்கு: 44.1% என்றால் இரண்டு எறிந்தால் 0.88 புள்ளி. சாதாரண பொசஷனின் மதிப்பு 1.04 சுற்றி. ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிரணிக்கு 0.16 லாபம். இரண்டாவது எறி தவறி உங்கள் ஆள் ரீபவுண்ட் எடுத்தால் அது இன்னும் சுருங்கும். கடைசி இரண்டு நிமிடத்தில் நாலைந்து முறை செய்தாலும் ஒரு புள்ளிகூடப் போகாது. ஷாக்கின் 52.4%க்கு 1.05, அவரை ஃபவுல் செய்து எதிரணிக்கு எந்த லாபமும் இல்லை.

பந்து இல்லாத இடத்தில் பிடித்து ஃபவுல் செய்தால் கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு ஃப்ரீ த்ரோவும் பந்தும் திரும்பத் தர வேண்டும் என்ற விதி என்பிஏவில் இருக்கிறது. அந்த விதி பிறந்ததே வில்டைத் துரத்தித் துரத்திப் பிடித்ததால்தான். 2016-17 முதல் ஒவ்வொரு குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்துக்கும் அது விரிந்தது. உங்கள் இன்ஜினில் அந்த விதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோச் அமைப்பில் முன்னிலையில் இருக்கும்போது கடைசி 90 விநாடி அவரை உட்கார வைத்துவிடலாம்.

ஆனால் 2.1 பிளாக் என்று நீங்கள் சொன்னது என் வாதத்தை நிஜமாகவே பலவீனப்படுத்துகிறது. 1966-67 வில்டின் பாதி மதிப்பு தற்காப்பில். அதை இன்ஜின் தராவிட்டால் நான் ராபின்சனுக்கு இறங்கிவிடுவேன். 74.9% ஃப்ரீ த்ரோவோடு ஆட்டத்துக்கு 11.6 எறிகிறார், 1.7 ஸ்டீல், 3.3 பிளாக், எல்லாமே நிஜமாகக் குறித்த எண்கள். ஷாக்கைவிட அவரை நான் மேலே வைப்பதும் இதனால்தான்.

கரீம் எடுக்கலாம். ட்ரூ ஷூட்டிங் 60.3%, லீகைவிட சுமார் 10 மேலே, அதை 34.8 புள்ளி அளவுக்குச் செய்தார். பிளாக் குறைந்தாலும் தாங்கும்.


கூடைக்கணக்கு:

சோதனை முறை இதோ. ஒரே மாதிரி இரண்டு அணி அமையுங்கள், நான்கு தொடக்க ஆட்டக்காரர்களும் பெஞ்சும் அச்சு அசலாக ஒன்றே. மாறுவது ஒரே ஓர் இடம். எதிரணிகள் 11ஐயும் இந்த ட்ராஃப்டில் வரக்கூடிய தரத்தில் நிரப்புங்கள். நிஜ 1999-2000 அணிகளோடு மோதவிட்டால் யாரை வைத்தாலும் 75 வெற்றி வரும், ஒன்றும் தெரியாது.

வெற்றி எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், புள்ளி வித்தியாசத்தின் சராசரியைப் பாருங்கள். ஓர் ஆட்டத்தின் வித்தியாசம் சராசரியிலிருந்து 13 புள்ளி அளவுக்கு அங்கும் இங்கும் ஆடும். 82 ஆட்டம் மட்டும் ஓட்டினால் சராசரியிலேயே 1.4 புள்ளி பிழை; இரண்டு அணியை ஒப்பிடும்போது அது 2 ஆகிவிடும். 1 புள்ளி வித்தியாசம் என்பது சீசனுக்கு ஏறக்குறைய 2.5 வெற்றி. ஆக ஒரே சீசன் ஓட்டிவிட்டு "வில்ட் அணி 5 ஆட்டம் கூட ஜெயித்தது" என்றால் அது வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். 10 சீசன் ஓட்டுங்கள், 820 ஆட்டம். ஒப்பீட்டின் பிழை 0.64க்கு இறங்கும். அதற்குப் பிறகும் இரண்டு பேருக்குள் 1 புள்ளிக்குக் கீழேதான் வித்தியாசம் என்றால் இருவரும் சமம் என்று வைத்துக்கொண்டு, 21ல் எந்த இடத்துக்கு ஆள் கிடைப்பார் என்பதை வைத்து முடிவெடுங்கள்.

ஐந்து பேரை ஓட்டிப் பாருங்கள்: வில்ட் 1966-67, வில்ட் 1961-62, ஷாக், ராபின்சன், கரி. கரியை ஓட்டும்போது மட்டும் சென்டர் இடத்தில் யூயிங்கை வையுங்கள். சென்டர்களை ஓட்டும்போது கார்டு இடத்தில் 21ல் கிடைக்கக்கூடிய ஒருவரை வையுங்கள். இந்த ஜோடி ஒப்பீடுதான் 4வது பிக்கின் உண்மையான கேள்வி. தனியாக யார் பெரியவர் என்பதில் எதுவும் கிடைக்காது.


பெஞ்ச்பலகை:

அந்தக் கார்டு இடத்துக்கு கிறிஸ் பால் 2008-09 வையுங்கள் (22.8 புள்ளி, 11.0 அசிஸ்ட், 2.8 ஸ்டீல், 78 ஆட்டம்). அவர் 21க்கு முன்னால் போனால் ஸ்டாக்டன் 1988-89: 17.1 புள்ளி, 13.6 அசிஸ்ட், 3.2 ஸ்டீல், 82 ஆட்டம். இதை எழுதும்போதே என் வாதத்துக்கு இது எதிராகப் போகிறது என்று தெரிகிறது, ஸ்டாக்டன் 28 வரை நிற்கக்கூடியவர். ஆனாலும் யூயிங்கோடு கரி என்பதையே நான் எடுப்பேன்.

28, 45க்கு எந்தப் பக்கம் போனாலும் விங் (பக்கவாட்டில் ஆடுபவர்) தான் பாருங்கள், அங்கேதான் வறட்சி. மூன்று புள்ளியும் எறிய வேண்டும், எதிரணியின் நட்சத்திரத்தையும் பிடிக்க வேண்டும். கவாய் லெனர்ட் 2015-16 (44.3% மூன்று புள்ளி, அந்த வருஷத் தற்காப்பு விருது, ஆனால் 72 ஆட்டம்தான்) 21ல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். பிறகு டிரேமண்ட் கிரீன் 2015-16 (14.0, 9.5, 7.4 அசிஸ்ட்), ராட்மன் 1991-92 (18.7 ரீபவுண்ட், விகிதத்தில் 26%, மேலே பேசிய 18%ஐ இதோடு வைத்துப் பாருங்கள்), கோர்வர் 2014-15 (49.2% மூன்று புள்ளி, 75 ஆட்டம்). பந்து கேட்காமல் மதிப்புக் கூட்டுகிறவர்கள்.

பலர் விழும் குழி ஒன்று: 1994-95 முதல் 1996-97 வரை மூன்று புள்ளிக் கோட்டை எல்லா இடத்திலும் 22 அடிக்குச் சுருக்கி வைத்திருந்தார்கள். அந்த மூன்று வருஷ சதவீதத்தை நம்பாதீர்கள். ஜோர்டானே 1995-96ல் 42.7%, கோடு பழைய இடத்துக்குத் திரும்பிய 1997-98ல் 23.8%. லீக் சராசரியும் சேர்ந்து உயர்ந்ததால் சரிக்கட்டலில் கொஞ்சம் கழியும், முழுதாகக் கழியாது. அந்த மூன்று வருஷத்திலிருந்து விங் எடுப்பதானால் மற்ற வருஷங்களின் எண்ணையும் பார்த்துவிட்டு எடுங்கள்.

ப்ரூஸ் போவன் மாதிரி ஆட்களை இந்த மாதிரி இன்ஜின்கள் கீழே வைத்துவிடும். ஸ்டீல், பிளாக் எண்ணில் வராத தற்காப்பை இன்ஜினால் பார்க்க முடியாது. மனசுக்குப் பிடித்தவர் என்றாலும் 2002-03 போவனை (மூன்று புள்ளி 44.1%, ஃப்ரீ த்ரோ 40.4%) கடைசி இரண்டு சுற்றுக்கு முன்னால் தொடாதீர்கள். பில் வால்டன் 1976-77ம் அப்படித்தான்: 14.4 ரீபவுண்ட், 3.2 பிளாக் என்று கண்ணைப் பறிக்கும், ஆடியது 65 ஆட்டம். மிச்ச 17 ஆட்டத்துக்கு இன்னொரு சென்டர் வேண்டும்.


நாலாம்_நம்பர்:

நாலு ஜோடியை ஓட்டிவிட்டேன், ஒவ்வொன்றும் 10 சீசன். சராசரிப் புள்ளி வித்தியாசம் இப்படி: ராபின்சனும் ஸ்டாக்டனும் +6.1. கரியும் யூயிங்கும் +5.8. வில்ட் 1966-67ம் ஸ்டாக்டனும் +5.2. வில்ட் 1961-62ம் ஸ்டாக்டனும் +3.9. ஷாக் இன்னும் ஓட்டவில்லை. 50 புள்ளி வில்ட் கடைசியில் வருவார் என்று நினைக்கவே இல்லை. பாக்ஸ் ஸ்கோரை (ஆட்டத்தின் வீரர்வாரிப் பட்டியல்) திறந்து பார்த்தால் அவர் 31 ஷாட் எறிகிறார், மற்ற நால்வரும் 10ஐத் தாண்டவில்லை.


கூடைக்கணக்கு:

முதல் மூன்றும் பிழைக்குள் இருக்கின்றன, 6.1க்கும் 5.8க்கும் நடுவில் சண்டை போட ஒன்றுமில்லை. 3.9 மட்டும் தெளிவாகக் கீழே. ஆக 1961-62 கழிந்தது.

மிச்ச மூவரில் ராபின்சன். யூயிங் 21ல் நிற்பார் என்பது 16 பேரின் மனதைப் பொறுத்தது. சென்டர்கள் வரிசையாகப் போகத் தொடங்கினால் கரி வைத்திருப்பவர் மாட்டிக்கொள்வார். ஸ்டாக்டன், பால், இன்னும் இரண்டு கார்டுகள் என்று ராபின்சன் பக்கம் வழி அதிகம்.

ஞாயிறு நேரடியாக உட்கார முடியாவிட்டால் ஆட்டோ பிக் வரிசையில் வீரர் பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள், சீசனையும் சேர்த்துப் போடுங்கள். பெயர் மட்டும் இருந்தால் பல இன்ஜின்கள் அதிகப் புள்ளி எடுத்த சீசனைத்தான் தானாக இழுக்கும். ராபின்சனுக்கு அது 1993-94தான், பிரச்சினையில்லை. ஸ்டாக்டனுக்கு அப்படியில்லை, 1988-89 என்று நீங்களே குறித்து வையுங்கள்.